வித்து மாற்றும் வித்தை

மந்தை வளர்ப்போனுடைய கவலைகளுள் தலையாயது கடாவைத் தேர்ந்தெடுத்தல். பசுவொன்று தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. பொலிகாளை ஒன்றன் கன்றுகளோ நூற்றுக்கணக்கில் பெருகும். ஆகலின் ஒரு மந்தையின் வருங்காலம் பெரும்பான்மையும் ஆணின் விரையைப் பொறுத்தே அமைகின்றது. லாபானுடைய ஆடுகளை மேய்த்த யாக்கோபு, தோலுரித்த கொப்புகளை நீர்த்தொட்டிகளின் முன்னே நிறுத்தி, புள்ளியும் வரியும் உடைய குட்டிகளைப் பெற முயன்ற வரலாற்றை ஆதியாகமத்தில் நம்மிற் பலர் படித்திருப்பர். கொப்பைக் கண்ட ஆடு வரிக்குட்டி ஈனும் என்பதை இன்றைய உயிர்நூல் ஒப்பாது. எனினும் வேண்டிய குணத்தை வேண்டிய மந்தையில் வருவிக்க வேண்டும் என்று யாக்கோபு கொண்ட ஆசை, இற்றைநாள் விஞ்ஞானியின் ஆசையினின்றும் சிறிதும் வேறுபட்டதன்று.

அவ்வாசைக்குப் புதியதொரு கருவி கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. கடாவை மாற்றாமல், அதனுள்ளிருக்கும் வித்தை மட்டும் மாற்றுவதே அக்கருவி. ஓர் ஆணின் விரையிலிருந்து விந்தணுக்களுக்கு மூலமாகிய அணுக்களை எடுத்து வேறோர் ஆணின் விரையிற் குடியேற்றினால், பின்னையது தன் உடலோடு திரிந்துகொண்டே முன்னையதன் சந்ததியைத் தோற்றுவிக்கும். இவ்வித்தையை விளக்குவதோடு, இதனை முதற்கண் எவர்பொருட்டுப் பயன்படுத்துதல் தகும் என்பதையும் இங்கே கூற விழைகின்றேன். ஏற்கெனவே உலகெங்கும் மலிந்து கிடக்கும் பெயர்பெற்ற காளையின் வித்தை மேலும் மலிவிப்பதைவிட, அற்றுப்போகும் நிலையிலுள்ள வித்தைக் காப்பதற்கே இதன் முதற்பயன் உரியது என்பது என் துணிபு.

முதலில் இயற்கையின் ஏற்பாட்டை நோக்குவோம். ஆண் விலங்கின் விரையினுள்ளே மெல்லிய நூல்போன்ற நுண்குழாய்கள் சுருண்டு மடிந்து நிறைந்துள்ளன. அக்குழாய்ச் சுவரின் அடித்தளத்தை ஒட்டி ஒருவகை உயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. அவை பிரிந்து பெருகுங்கால், ஒரு பகுதி தம்மைப் போன்ற அணுக்களாகவே அங்குத் தங்கிவிடும். மற்றொரு பகுதி மேலும் பலமுறை பிரிந்து, உருமாறி, வாலுடைய விந்தணுக்களாகிக் குழாயின் நடுவழியே வெளியேறும். சுண்டெலியில் இத்தொழில் ஒருமுறை முற்றுப்பெற ஏறத்தாழ 35 நாட்கள் செல்லும். 'ஸ்டெம் செல்' என்று இன்று எல்லோரும் வழங்கும் இவ்வணுவை ஈண்டு முதலணு என்று கூறுவேன். கொடுக்கல் வாங்கலில் முதல் என்பது எதுவோ அதுவே இது. விந்தணு அதன் வட்டி. வட்டியை நாள்தோறும் செலவிட்டாலும் முதல் இருக்குமளவும் வருவாய் குன்றாது. சுண்டெலியின் விரையிலுள்ள உயிரணுக்களில் 10,000க்கு இரண்டு மூன்றே முதலணுக்களாம். உருவத்தைக் கொண்டு அவற்றைப் பிறவற்றினின்றும் பிரித்தறிதல் அரிது. ஓர் அணு முதலணுவோ அன்றோ என்று ஐயமற அறிவதற்கு, அதனை வேறொரு விரையில் வைத்து, அங்கே விந்தணுக்கள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பதே தக்க சோதனை.

அச்சோதனையை முதன்முதல் வெற்றியுடன் செய்துகாட்டியவர் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா சர்வகலாசாலையின் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரால்ஃப் பிரின்ஸ்டர். 1994ஆம் ஆண்டில் அவரும் அவருடன் உழைத்தோரும் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டனர். சாயமேற்றினால் நீலநிறம் காட்டுமாறு முன்னரே அடையாளமிட்ட ஒரு சுண்டெலியின் விரையைக் கரைத்து, அதன் அணுக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். பிறவியிலேயே விந்தணு அற்ற எலிகளும், பியூசல்ஃபான் என்னும் மருந்தால் தம் முதலணுக்களை இழந்த எலிகளும் அவற்றைப் பெறுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலின் வழியே அவ்வணுக்கள் வெற்றுக் குழாய்களுட் செலுத்தப்பட்டன. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வறண்ட வயலில் ஆங்காங்குப் பயிர் பிடித்தாற்போல, அக்குழாய்களில் நீலத் திட்டுக்கள் நீண்டு படர்ந்திருந்தன. அவ்வெலிகளுட் சில பெண்ணெலிகளோடு இயல்பாகக் கூடிக் குட்டிகளுக்குத் தந்தையாயின. அவற்றுள் ஒன்றன் குட்டிகளில் 100க்கு 80 வரை கொடையெலியின் வித்தாகவே இருந்தன.

இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. செலுத்தப்பட்ட அணு குழாயின் நடுவே விழுகின்றது. அங்கிருந்து அடித்தளத்தை அடைய வேண்டுமாயின், செர்ட்டோலி அணுக்கள் என்னும் செவிலியணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து அமைத்துள்ள தடுப்பைக் கடந்தாக வேண்டும். வளர்ந்த விலங்கில் இயற்கையான போக்குவரத்து அடித்தளத்திலிருந்து நடுவழியை நோக்கியது. எதிர்த்திசையில் முதலணு பயணம் செய்ய வேண்டிய தேவை ஒருபோதும் ஏற்படுவதில்லை. இருந்தும் அது தன் இருப்பிடத்தைத் தேடிக் கண்டுகொள்கின்றது. இக்கண்டுபிடிப்பு கால்நடை மருத்துவர் ஒருவரிடமிருந்து வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கால்நடைக் கல்வியை இரண்டாந்தரப் படிப்பென்று எண்ணி, வேறிடம் கிடைக்காதபோதே அதன் வாயிலை நாடும் மாணவர்கள் இதனைச் சற்றே மனத்திற் கொள்வார்களாக.

1996ஆம் ஆண்டில் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். பெரிய எலியாகிய ராட் என்பதன் முதலணுக்கள், எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலியின் விரையில் வைக்கப்பட்டன. சுண்டெலியின் உடலிலே பெரிய எலியின் உருவமைந்த விந்தணுக்கள் தோன்றின. சுண்டெலியின் விரையில் விந்துத் தொழிலின் ஒரு சுற்றுக்கு 8.6 நாட்களும், பெரிய எலியினதில் 12.9 நாட்களும் ஆகும். இரவல் வீட்டில் குடியேறிய அணு வீட்டாரின் கணக்கைப் பின்பற்றுமோ, தன் கணக்கையே பின்பற்றுமோ என்பது கேள்வி. 1998இல் அதற்கு விடை கிடைத்தது: ஒரே விரையில் அருகருகே இருந்தபோதிலும், சுண்டெலியின் அணு தன் நாட்கணக்கையும் பெரிய எலியின் அணு தன் நாட்கணக்கையும் காத்தன. செவிலி மாறினும் பிள்ளையின் இயல்பு மாறவில்லை. 2006இல் ஜப்பானியர், சுண்டெலியின் விரையில் உண்டான இத்தகைய விந்தணுக்களைப் பெரிய எலியின் முட்டைகளில் ஊசியாற் செலுத்திக் குட்டிகளையும் பெற்றனர். விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்று நம் முன்னோர் கேட்டது பொய்யாகவில்லை. விதையையும் ஆணுறுப்பையும் விரை என்னும் ஒரே சொல்லால் வழங்கிய நம் மொழிக்கு, வயல் வேறு, விதை வேறு என்ற இவ்வுண்மை புதிதாகத் தோன்றாது.

ஆயினும் இவ்வுறவுக்கு எல்லையுண்டு. முயல், நாய், பன்றி, காளை, குதிரை, குரங்கு, மனிதன் ஆகியோரின் அணுக்களையும் சுண்டெலியின் விரையில் வைத்துப் பார்த்தனர். அவை அங்கே ஒட்டிக்கொண்டு பலகாலம் உயிரோடிருந்தன, விந்தணுவாக முதிரவில்லை. ஆகவே காளையின் வித்துக்குக் காளையே வேண்டும். ஆட்டின் வித்துக்கு ஆடே வேண்டும். 2003ஆம் ஆண்டில், உறவற்ற வெள்ளாட்டுக் கடாக்களுக்கிடையே இம்மாற்றம் செய்யப்பட்டு, கொடையாட்டின் மரபுக்குறி தாங்கிய குட்டி பிறந்தது. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து ஏதும் கொடாமலே அந்நிய அணு அங்குத் தங்கியது கருதத்தக்கது. ஆயினும் கொடையாட்டின் பங்கு மிகச் சிறிது. கடாவின் சொந்த வித்தே மிகுதியாயிருந்தது. களைகளை அகற்றாமல் விதைத்த நிலம் வேறெப்படி விளையும்?

களையை வேரோடு அகற்றும் வழி பின்னரே கிடைத்தது. நானோஸ்-2 என்ற மரபணு இல்லையாயின் ஆணின் முதலணுக்கள் நிலைத்திரா. ஏனைய உறுப்புக்கள் செவ்வனே வளரும், நுண்குழாய்களும் செவிலியணுக்களும் பழுதின்றி அமையும். குடியிருப்போர் இல்லாத நல்ல வீட்டிற்கு இதனை ஒப்பிடலாம். 2017ஆம் ஆண்டில், கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் இவ்வகைப் பன்றிகள் உண்டாக்கப்பட்டன. 2020இல் வாஷிங்டன் மாகாண சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ஓட்லியும், எடின்பரோ நகரத்து ராஸ்லின் ஆராய்ச்சிக்கூடத்தார் முதலிய பலரும் கூடிச் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. நானோஸ்-2 நீக்கிய சுண்டெலிகள் பிறர் வித்தைக்கொண்டு நலமான குட்டிகளுக்குத் தந்தையாயின. பன்றியிலும் வெள்ளாட்டிலும் கொடையாளியின் விந்தணுக்கள் தோன்றின. காளையிலும் வெற்று விரை அமைவது காட்டப்பட்டது. இவ்விலங்கைப் பதிலித் தந்தை என்று அழைக்கலாம். அதன் மரபணு திருத்தப்பட்டதாயினும், அது தன் வித்தில் ஒன்றையும் குட்டிக்குக் கொடாமையால், குட்டி திருத்தப்படாத இயற்கை மரபையே பெறும்.

செயற்கைக் கருவூட்டல் இருக்க இஃது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிளிசரின் சேர்த்து விந்தை உறையவைக்கும் முறை கண்டறியப்பட்டபின், கறவை மாட்டுப் பண்ணைகளில் காளைக்கு வேலையில்லாமற் போயிற்று. கறவைப் பசு நாள்தோறும் இருவேளை மனிதன் கண்முன் நிற்பது; அது பருவம் அடைந்ததை அறிந்து ஊசி போடுதல் எளிது. பரந்த புல்வெளிகளில் இறைச்சிக்காக மேயவிடப்படும் மாடுகளிலும், மலைச்சாரல் ஆடுகளிலும், நம் மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளைப்போல ஊர் ஊராய்ச் சென்று கிடை போடும் மந்தைகளிலும் அவ்வாறு செய்தல் இயலாது. அங்கே பருவத்தை அறிவது காளையின் வேலை. அஃது அவ்வேலையை மனிதனிலும் நன்றாகச் செய்கின்றது. ஆதலின் அம்மந்தையிலே சிறந்த வித்தைத் தாங்கிய பதிலிக் காளை ஒன்றை விட்டுவிட்டால், ஊசியும் வேண்டா, உறைகலமும் வேண்டா, பயின்ற ஆளும் வேண்டா. ஏழை மேய்ப்பனுக்கும் உயர்ந்த வித்து எட்டும் என்பது இம்முறையை ஆதரிப்போர் வாதம். அதில் உண்மையில்லை என்று நான் சொல்லேன். குறைந்த ஆடுகளால் மிகுந்த பாலும் இறைச்சியும் கிடைக்குமாயின் மேய்ச்சல் நிலத்துக்கும் அது நன்மையே.

ஆனால் ஊசியின் வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்துச் சென்றிருக்கின்றது. அமெரிக்காவிலே 1962ஆம் ஆண்டில் 'பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்' என்னும் ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. அதன் பெண்மக்கள் மிகுந்த பால் சொரிந்தன. ஆகவே அதன் விந்து எங்கும் அனுப்பப்பட்டது. அதற்கு 16,000 பெண்மக்களும், 5,00,000 பேத்திகளும், 20,00,000க்கு மேற்பட்ட கொள்ளுப்பேத்திகளும் உண்டாயின. அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுதியில் 100க்கு ஏறத்தாழ 14 பங்கு இவ்வொரு காளையினது என்று கணக்கிட்டனர். அக்காளை ஒரு மரபணுப் பிழையையும் மறைவாகச் சுமந்திருந்தது. ஒருபுறம் மட்டும் வந்தால் அப்பிழை தீங்கு செய்யாது. தாய்வழியும் தந்தைவழியும் அதே காளையின் பேரப்பிள்ளைகள் கூடியபோது, கரு வயிற்றிலேயே இறந்தது. 35 ஆண்டுகளில் இவ்வாறு உலகெங்கும் கலைந்த கருக்கள் 5,00,000க்கு மேற்பட்டன என்று 2016ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். நட்டம் 42 கோடி டாலர். அதே காளையால் விளைந்த பாலின் பெருக்கம் 3,000 கோடி டாலர் பெறும் என்றும் அவர்களே கூறியுள்ளனர். எனவே சீஃப் காளையைப் பழிப்பது என் நோக்கமன்று. பிழையில்லாத காளை எங்கும் இல்லை. ஒன்றையே பெருக்கினால் அதன் பிழையையும் உடன்பெருக்கினோம் என்பதையே கூறுகின்றேன்.

ஊசி எட்டாத மந்தைகளும் உலகில் இருந்தன என்பதுதான் இதுவரை நமக்கிருந்த காப்பு. மலையாடும், கிடைமாடும், பாலைவனச் செம்மறியும் தத்தம் கடாக்களைத் தாமே கொண்டு, வெயிலுக்கும் நோய்க்கும் பஞ்சத்துக்கும் ஈடுகொடுக்கும் குணங்களைத் தம்முள்ளே சேமித்து வைத்திருந்தன. அவற்றை எவரும் திட்டமிட்டுக் காக்கவில்லை. எட்டாமையே அவற்றுக்கு வேலியாயிருந்தது. பதிலித் தந்தை அவ்வேலியைத் தாண்டும் விலங்கு. ஊசி புகாத இடமெல்லாம் அது தன் காலாலேயே நடந்து புகும். ஊசியில் வந்தது வட்டி மட்டுமே. ஒருமுறை போட்டால் ஒரு கன்று. பதிலியிலோ முதலையே கொண்டுபோய் அங்கே வைத்துவிடுகின்றோம். ஒரே காளையின் முதலணுக்களை வளர்கலத்திற் பெருக்கி நூறு பதிலிகளில் வைக்கும் நாள் வருமாயின், அந்நூறும் பார்வைக்கு வெவ்வேறாயும் வித்தில் ஒன்றாயும் இருக்கும். சுண்டெலியின் முதலணுக்களை வளர்கலத்தில் நெடுங்காலம் பெருக்கும் முறையை 2003ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் ஷினோஹாரா என்பவரும் அவர் குழுவினரும் கண்டுவிட்டனர். பெருவிலங்கில் அது சுண்டெலியிற்போல எளிதன்று. அவ்வருமை இருக்கும்போதே விதிகளை வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

பார்வைக்கு வேறு, வித்தில் வேறு என்றேனே, அது சந்தைக்கு வரும்போது இன்னொரு சிக்கலைக் கொணரும். மாட்டுச் சந்தையிலே வாங்குவோன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழியைப் பார்க்கின்றான், திமிலைத் தடவுகின்றான், நடக்கவிட்டு நோக்குகின்றான். சுழியை விட்டுவிடுவோம். மற்றவை பல நூறாண்டுப் பழக்கத்தால் வந்த தேர்ச்சி. கடாவின் உடலைக் கண்டு குட்டியின் உடலை ஊகிக்கும் அத்தேர்ச்சி பதிலித் தந்தையின்முன் ஒரு காசும் பெறாது. உள்ளேயிருப்பது யாருடைய வித்து என்பதை விற்போனே சொல்ல வேண்டும். வாங்குவோன் நம்ப வேண்டும். மோசேயின் நியாயப்பிரமாணத்தில், பிள்ளையின்றி இறந்த சகோதரனுக்கு அவன் தம்பி சந்ததி எழுப்பும் கடமை சொல்லப்பட்டுள்ளது. அங்கே வித்து தம்பியினது, பெயர் தமையனது. அதனை ஊரார் அனைவரும் அறிவர், வாசலிலே மூப்பர் சாட்சியாக அமர்ந்திருந்தனர். இங்கே உடல் ஒன்றனது, வித்து மற்றொன்றனது. சாட்சியாக அமரப்போகும் மூப்பர் யார்? கொடையாளி இன்னது, பதிலி இன்னது, ஒரு கொடையாளிக்கு எத்தனை பதிலிகள் என்பவற்றைப் பதிந்து, எவரும் பார்க்கத்தக்கதாக வைக்கும் பொதுப்பதிவேடு இல்லாமல் ஒரு பதிலியையும் சந்தைக்கு விடலாகாது. அப்பதிவேடு விற்கும் நிறுவனத்தாரிடமே இருப்பின் அது பதிவேடன்று, விளம்பரம்.

இதே வித்தை அற்றுப்போவதைக் காக்கும் வேலையில் எத்துணை அழகாகப் பொருந்துகின்றது என்பதற்கு ஜப்பான் நாட்டினர் மீனிலே செய்தது நற்சான்று. தோக்கியோ கடலியல் சர்வகலாசாலையில் யோஷிசாக்கியும் அவருடைய குழுவினரும், வானவில் டிரவுட் என்னும் மீனின் விரையிலிருந்து முதலணுக்களை எடுத்து, அப்போதுதான் பொரித்த மாஸு சால்மன் குஞ்சுகளின் வயிற்றில் வைத்தனர். அக்குஞ்சுகள் குரோமோசோம் தொகுதி இரண்டுக்கு மூன்றாக அமையும்படி செய்யப்பட்டமையால் தம் சொந்த வித்தை உண்டாக்க இயலாதவை. அவை வளர்ந்தபோது ஆண் சால்மன்கள் டிரவுட்டின் விந்தையே தந்தன. பெண் சால்மன்களோ, ஆண் டிரவுட்டின் விரையிலிருந்து வந்த அணுக்களைக் கொண்டே டிரவுட்டின் முட்டைகளைத் தந்தன. அவ்விரண்டும் கூடியபோது பிறந்தவை அனைத்தும் டிரவுட் குஞ்சுகள். இஃது 2007ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி. பின்னர் 2013இல், முழு விரையையே உறையவைத்துச் சேமித்து, அதிலிருந்து எடுத்த அணுக்களாலும் இதனையே செய்துகாட்டினர். மீனின் முட்டை பெரிது, கொழுப்பு மிகுந்தது. அதனை உறையவைத்துக் காக்கும் வழி கைகூடவில்லை. விரையை உறையவைத்தாலோ முட்டைக்கும் விந்துக்கும் அவ்வொன்றே போதுமாயிற்று. ஓர் ஆற்றின் மீனினம் அழிந்தபின்னும், உறைகலத்திலிருக்கும் சிறு துண்டொன்றிலிருந்து, வேறு மீனின் வயிற்றின் வழியே, அவ்வினம் மீளக்கூடும் என்பது இதன் பொருள். பெரிய சூரை மீனின் குஞ்சுகளைச் சிறிய கானாங்கெளுத்தி மீனினின்றும் பெறவேண்டும் என்பதும் அவர்கள் நெடுநாள் எண்ணம்.

சேமிப்பின் பயனை அறிய வேறு சான்றும் உண்டு. மேற்கூறிய ஹோல்ஸ்டீன் இனத்தில், அமெரிக்கக் கருவூட்டற் காளைகள் அனைத்தின் ஆண்வழியும் 1880ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த இரண்டே காளைகளில் முடிவதாக 2015இல் பென்சில்வேனியா மாகாண சர்வகலாசாலையார் கண்டனர். மற்ற ஆண்வழிகள் அற்றுவிட்டன. கொலராடோ மாகாணத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரிலுள்ள அரசாங்கச் சேமிப்பில் பழைய காளைகள் சிலவற்றின் விந்து உறைந்துகிடந்தது. அதனைத் தேடி எடுத்து, அற்றுப்போன இரண்டு ஆண்வழிகளை மீட்டுக் கன்றுகளும் பெற்றனர். அங்கு வட்டி மட்டுமே எஞ்சியிருந்தது. அதுவே இவ்வளவு செய்ததாயின், முதலைச் சேமித்திருந்தால் எவ்வளவு செய்யும்!

மனிதரிடத்து இவ்வித்தை கொள்ளும் முகம் முற்றிலும் வேறு. புற்றுநோய் கண்ட சிறுவனுக்குக் கொடுக்கப்படும் கடுமருந்து நோயைத் தீர்ப்பதோடு அவனுடைய முதலணுக்களையும் அழித்துவிடக்கூடும். வளர்ந்தவனாயின் மருந்துக்கு முன்னரே விந்தைச் சேமிக்கலாம். பருவமடையாத சிறுவனிடம் சேமிப்பதற்கு விந்து இல்லை, முதல் மட்டுமே உண்டு. அவன் விரையின் சிறு துண்டை எடுத்து உறையவைத்து, நோய் தீர்ந்து வளர்ந்தபின் அவனிடமே மீண்டும் சேர்ப்பது கருத்து. 2012ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆர்விக் என்பவர் குழுவினர், மருந்தால் வித்திழந்த ரீசஸ் குரங்குகளுக்கு அவற்றின் சொந்த அணுக்களையே திருப்பிச் செலுத்தினர். வளர்ந்த குரங்குகள் பன்னிரண்டில் ஒன்பது அவ்வணுக்களிலிருந்து விந்தணுக்களைத் தந்தன. 2025ஆம் ஆண்டில் மனிதரிடத்தும் முதல் முயற்சிகள் அறிவிக்கப்பட்டன. இதில் அச்சமும் இல்லாமலில்லை. இரத்தப்புற்று கண்டவனின் விரைத்துண்டில் நோயணுக்கள் ஒளிந்திருக்கலாம். இருபது நோயணுக்களே எலிக்கு நோயைத் திரும்பக் கொணரப் போதுமாயிருந்தன என்று 2001இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆயினும் இங்கே எவருடைய வித்தையும் எவர்மேலும் ஏற்றவில்லை. ஒருவன் இழந்ததை அவனுக்கே திருப்பித் தருகின்றோம். எல்லாப் பயன்களிலும் இதற்கே முதலிடம் என்பதில் எவருக்கும் ஐயமிராது.

இவையெல்லாம் படைப்பிற் கைவைப்பதாகும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். குதிரையையும் கழுதையையும் கூட்டிக் கோவேறு கழுதையைப் பெற்ற நாளே மனிதன் கைவைத்துவிட்டான். தாவீது தன் மகன் சாலொமோனை ஏற்றியனுப்பியதும் அக்கோவேறு கழுதையின்மேல்தான். கைவைக்கலாமா என்ற கேள்வியைக் காட்டிலும், கைவைத்து எதை மிகுவித்தோம், எதைக் குறைத்தோம் என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. உணவு வேண்டுவோர் தொகை பெருகும்போது பழைய இனங்களைப் போற்றிக்கொண்டிருப்பது செல்வர் விளையாட்டு என்பாரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிகுபால் தரும் இனம் மிகுதீனியும் நிழலும் மருந்தும் வேண்டுவது. அவை கிட்டாத நிலத்தில் உணவு தருவது, குறைவாயினும், அந்நிலத்துக்குரிய இனமே. அவ்வினம் ஒருமுறை அற்றபின், தீனிவிலை ஏறிய காலத்தில் அதனைத் தேடி எங்கே செல்வது?

சேமிப்பைப்பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உறையவைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று மாடு மேய்ப்போரைக் கைவிடலாகாது. 2022ஆம் ஆண்டில், பிரின்ஸ்டர் பணியாற்றிய அதே பென்சில்வேனியாக் கல்லூரியார், 23 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த பெரிய எலியின் முதலணுக்களைச் சுண்டெலியில் வைத்துப் பார்த்தனர். அவை குடியேறின, விந்தணுக்களையும் தோற்றுவித்தன, எனினும் சிலகாலமே உறைந்திருந்த அணுக்களைப்போல் மிகுதியாகத் தோற்றுவிக்கவில்லை. உறைகலம் காலத்தை முற்றும் நிறுத்திவிடுவதில்லை போலும். அதன்றி, ஆண்வித்தை மட்டும் காத்து, புல்லையும் நீரையும் கிடையையும் மேய்ப்பனையும் இழந்தால், மீட்ட விலங்கு எங்கே மேயும்?

செயலளவில் இன்றே தொடங்கத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பெருஞ்செலவும் ஆகாது. அருகிவரும் இனங்களின் ஆண்கள் நாள்தோறும் இறைச்சிக்கூடங்களில் வெட்டப்படுகின்றன. நோயாலும் முதுமையாலும் இறக்கின்றன. அவற்றின் விரைகள் கழிவோடு கழிவாக எறியப்படுகின்றன. விலங்கு இறந்த சிலமணி நேரத்துள் அவற்றைப் பனிக்கட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசேர்த்தால், அங்கே துண்டுகளாக்கி, உறைகாப்பு மருந்திட்டு, திரவ நைட்ரஜனில் வைக்கலாம். துண்டொன்றுக்கு ஒரு சீட்டு: எவ்வினம், எவ்வூர், எவர் மந்தை, எந்நாள். ஆலம்பாடி மாடு போன்று அருகிவிட்ட இனத்தில் ஓர் ஆண் விழுந்தாலும் செய்தி கல்லூரியை எட்டும்படி இறைச்சிக்கூடத்தாருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவைத்தல் வேண்டும். அவ்வணுக்களைக் குடியேற்றத்தக்க பதிலிக் காளைகள் பத்தாண்டில் வரினும் சரி, இருபதாண்டில் வரினும் சரி. இன்று எறியப்படும் விரை நாளைக்குக் கிடையாது.